செடிகளுக்கு ஒரு மிடறு ஸோடா

நாஞ்சில் நாட்டாருக்குக் குளத்தின் அழகை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேரூரிலும் சுசீந்திரத்திலும் தாமரை பூத்துக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண்கள் அவர்களுடையவை. 2022-ஆம் வருஷத்தில் சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூர் நீர்நிலைகளும் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலிலே இடம் பெற்றன.

அந்த அழகில் ஒரு துளியைக் கண்ணாடித் தொட்டியில் அடக்கிக் கூடத்தில் வைத்துக்கொள்ள இன்று பல வீடுகளில் ஆசைப்படுகிறார்கள். தொட்டி வருகிறது, மீன்கள் துள்ளுகின்றன, விளக்கு எரிகிறது, உரமும் போட்டாகிவிட்டது. ஆனால் செடிகள் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்து, இலையெல்லாம் பாசி படிந்து வாடுகின்றன. அவற்றுக்கு வந்த நோய் வேறொன்றுமில்லை, பசிதான்!

உலர்ந்த செடியின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு கரி. அந்தக் கரியைச் செடி பெரும்பாலும் கரியமில வாயுவிலிருந்தே பெறுகிறது. தாமரை கெட்டிக்காரி, இலையை நீருக்கு மேலே நீட்டிக் காற்றிலிருந்தே வேண்டியதை எடுத்துக்கொள்கிறாள். நீருக்குள்ளேயே மூழ்கி வாழும் செடிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காற்றில் பரவுவதைவிட ஜலத்தில் இவ்வாயு சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. குளத்திலாவது அடிச் சேற்றில் இலை தழைகள் மட்கி வாயுவைக் கொடுத்துக்கொண்டிருக்கும். காற்றோடு மட்டும் உறவாடி நிற்கும் தொட்டி ஜலத்திலோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இராது. 20 முதல் 30 மில்லிகிராம் வரை கிடைத்தால் செடிகளுக்கு விருந்துதான்.

இந்த விருந்தைப் படைப்பது பெரிய வித்தையன்று. ஸோடா தயாரிக்கும் வேலையைத்தான் சிறிய அளவில் செய்கிறோம். 1767-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் பீர் ஆலையில் நுரைக்கும் தொட்டியின் மேல் தேங்கி நின்ற வாயுவை ஜலத்தில் கரைத்துப் பார்த்தார்; ஸோடா பிறந்தது. 1771-இல் அதே மனிதர், மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மீண்டும் நல்ல காற்றாக்குவதையும் கண்டார். நமது காலத்தில் ஜப்பானியரான தகாஷி அமானோ (1954-2015) இவ்வாயுவைக் கொண்டு தொட்டிக்குள் காடும் மேடுமாகத் தோட்டம் அமைத்து உலகத்தையே வியக்க வைத்தார்.

பனையேறிகளைக் கேட்டால் இதன் எளிய வழியை அவர்களே சொல்லிவிடுவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் அக்கானி நுரைத்துக் கள்ளாகிவிடும் அல்லவா? அந்த நுரையிலே இருப்பது கரியமில வாயுதான். ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சர்க்கரை கரைத்த ஜலத்தை முக்கால் அளவு ஊற்றி, அரைக் கரண்டி ஈஸ்ட் சேர்த்து, மூடியில் துளையிட்டுக் குழாய் பொருத்தித் தொட்டிக்குள் விட்டால், இரண்டு மூன்று வாரம் குமிழி வந்துகொண்டிருக்கும். குழாய் அடைபட்டால் போத்தல் வெடிக்கக்கூடும். ஆகவே கண்ணாடிப் போத்தல் கூடவே கூடாது. நம் ஊர்ச் சூட்டில் நுரைப்பது வேகமாய் நடந்து சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்பது இதில் உள்ள குறை.

பெரிய தொட்டிக்குச் சிலிண்டரே உத்தமம். அதற்குள் வாயு திரவமாக இருக்கிறது. 20 டிகிரிச் சூட்டிலேயே சுமார் 57 மடங்கு காற்றழுத்தத்தோடு நிற்கிறது. சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். எனவே அதை வெயில் படாத இடத்தில், நிமிர்த்து, சாயாதபடி கட்டி வைக்க வேண்டும். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், குமிழியை எண்ணி விடும் ஊசி வால்வு, ஜலம் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு, வாயுவைப் பொடிக் குமிழிகளாக்கும் பீங்கான் வில்லை இவையே மற்றச் சாமான்கள். 100 லிட்டர்த் தொட்டிக்கு விநாடிக்கு ஒரு குமிழி என்று தொடங்கிப் பல நாளில் மெல்லக் கூட்டலாம்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். செடிக்கு விருந்தாகும் இவ்வாயு அளவு மீறினால் மீனுக்கு யமன். வெளிச்சம் இல்லாதபோது செடி இதை உண்பதில்லை. மீனைப் போலவே அதுவும் பிராணவாயுவைச் செலவழிக்கிறது. ஆகையால் விளக்கேற்றுவதற்கு ஒரு மணி முன்பு வாயுவைத் திறந்து, அணைப்பதற்கு ஒரு மணி முன்பே மூடிவிட வேண்டும். ஈஸ்ட் போத்தலை மூட முடியாது. இரவில் அதன் குழாயைத் தொட்டிக்கு வெளியே எடுத்து வைத்துவிடலாம். அளவு பார்ப்பதற்கு நிறம் மாறும் திரவம் ஒன்று உண்டு. அது நீலமாயிருந்தால் வாயு போதாது, பச்சையானால் சரி, மஞ்சளானால் ஆபத்து. ஆனால் நிறம் மாற ஒரு மணிக்கு மேலாகும். அதைவிட மீனே நல்ல அளவுகோல். மேல்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கினால் உடனே வாயுவை நிறுத்தி, ஜலத்தைக் கலக்கிக் காற்றூட்டி, ஒரு பகுதியை மாற்றுங்கள்.

எல்லாச் செடிகளுக்கும் இந்த உபசாரம் தேவையில்லை. நாடா போன்ற இலையுடைய வாலிஸ்னேரியாவும், நம் குளங்களில் மண்டும் ஹைட்ரில்லாவும், ஜலத்தில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்பிலிருந்தே கரியைப் பெற வல்லவை. தென்மேற்கு இந்தியாவுக்கே உரிய ரோட்டாலா மக்ராந்திரா என்னும் சிவப்புச் செடியைப் போன்ற செல்லப் பிள்ளைகள்தாம் வாயு இல்லாவிட்டால் வாடிப்போகும்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் எளிய செடிகளை வைத்துக் கை பழகட்டும். அதன் பிறகு வாயுவைப் பற்றி யோசிக்கலாம். வெளிச்சம், உரம், வாயு மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்க வேண்டும். வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் பாசிதான் கொழுக்கும். காலையில் விளக்கேற்றியதும் ஐந்து நிமிஷம் தொட்டியின் முன் உட்கார்ந்து மீனையும் இலையையும் உற்றுப் பார்ப்பதை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு வழக்கமாக்கிவிடுங்கள். எவ்வளவு விலை உயர்ந்த கருவியானாலும் அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஈடாகாது.