பைலுக்குப் பூட்டு போட அனுமதி வேண்டுமா?

ஆரணிப் பட்டு நெய்யும் எங்கள் சந்தவாசல் பகுதியில் புடவை பார்டர் டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, பென் டிரைவில் எடுத்துச் செல்கிறார்கள். பென் டிரைவ் தொலைந்தால் டிசைன் யார் கையிலும் சிக்கலாம். "பைலை என்கிரிப்ட் செய்து வையுங்கள்" என்று தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அது சட்ட விரோதம் இல்லையா சார்?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம்தான்.

என்கிரிப்ஷன் என்பது, சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி வைப்பது. இந்தச் சாவி ஓர் எண். அதன் நீளத்தை பிட் கணக்கில் சொல்வார்கள். 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகளில் ஒன்று. கேட்கப் பெரிதாக இருந்தாலும், 1997லேயே இயன் கோல்ட்பர்க் என்ற மாணவர் சுமார் 250 கம்ப்யூட்டர்களை இயக்கி, மூன்றரை மணி நேரத்தில் அத்தகைய சாவி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்நாளில் அமெரிக்கா வலுவான என்கிரிப்ஷன் சாப்ட்வேரை ஏற்றுமதி செய்யத் தடை வைத்திருந்தது. எனவே நெட்ஸ்கேப் பிரவுசரின் வெளிநாட்டுப் பதிப்பில் 40 பிட் மட்டுமே இருந்தது. 2000ம் ஆண்டில்தான் இந்தக் கட்டுப்பாடு பெரிதும் தளர்ந்தது.

நம் நாட்டிலும் இதே 40 பிட் வரம்பு இருந்தது. இன்டர்நெட் நிறுவனங்களுக்கான லைசென்ஸ் விதிப்படி, அதற்கு மேல் பயன்படுத்த அனுமதி பெற்று, சாவியை இரண்டாகப் பிரித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் 2001ல் ரிசர்வ் வங்கி, இன்டர்நெட் பேங்கிங்கிற்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது! 2013ல் வந்த புதிய லைசென்ஸில் 40 பிட் விதி இல்லை.

2015 செப்டம்பரில் வெளியான வரைவுக் கொள்கை ஒன்று, என்கிரிப்ட் செய்த தகவலின் சாதாரண வடிவத்தை 90 நாட்கள் வைத்திருக்கச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே வாபஸ் ஆனது.

ஆகவே உங்கள் பைலைப் பூட்டுவது குற்றமல்ல. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69வது பிரிவை நினைவில் வையுங்கள். நாட்டின் பாதுகாப்பு, குற்ற விசாரணை போன்ற காரணங்களுக்காக முறைப்படி உத்தரவு வந்தால், பூட்டைத் திறக்க உதவ வேண்டும். மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை.

பூட்டுவது எப்படி?

இலவச சாப்ட்வேரான 7-ஜிப் போதும். அதை இன்ஸ்டால் செய்து, பைல் மீது ரைட் கிளிக் செய்திடவும். 7-ஜிப் மெனுவில் 'ஆட் டு ஆர்க்கைவ்' தேர்வு செய்து, பாஸ்வேர்ட் கொடுத்து ஓகே கிளிக் செய்திடவும். 256 பிட் பூட்டு தயார். பென் டிரைவில் பூட்டிய பைலை மட்டும் காப்பி செய்யுங்கள். பழைய பைல் அதில் இருந்தால் பூட்டியும் பயனில்லை. பாஸ்வேர்டை நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். மறந்தால் திறக்க வேறு வழி கிடையாது.