கார்ட்டூன் டாங்கியும் கண்காட்சி டாங்கியும்

'டேங்க்' என்று சொன்னதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிதானே? காஞ்சிபுரம் பக்கம் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். நம் ஊர் ஏரிகளைத்தான் அவர்கள் 'டேங்க்' என்று பதிவேடுகளில் எழுதி வைத்தார்கள்!

சரி, குண்டு போடும் இரும்பு வண்டிக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது? முதல் உலகப் போர் சமயம் இங்கிலாந்து இந்த வண்டியை ரகசியமாகச் செய்தது. "என்ன செய்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால், "தண்ணீர்த் தொட்டி!" என்று சொல்லிச் சமாளித்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸில் அது முதன்முதலாகப் போரில் இறங்கியது. பொய்ப் பெயரே நிலைத்துவிட்டது. நாம் அதை டாங்கி என்போம்.

பள்ளியைக் காப்பாற்றும் டாங்கி

ஷின்சான், டோரேமான் பார்த்திருப்பீர்கள். அவை பிறந்த ஜப்பானில் 2012ஆம் ஆண்டு வெளிவந்த இன்னொரு அனிமேஷன் தொடர் 'கேர்ள்ஸ் உண்ட் பான்சர்'. 'சிறுமிகளும் டாங்கியும்' என்று சொல்லலாம். அந்தக் கதை உலகத்தில் டாங்கி ஓட்டுவது ஒரு விளையாட்டு. நம் பள்ளிகளில் கபடி, கோகோ அணி இருப்பது போல அங்கே பெண்கள் பள்ளிகளில் டாங்கி அணி! கதாநாயகி மிஹோ படிக்கும் ஓஅராய் பள்ளியை மூடிவிடப் போகிறார்கள். போட்டியில் கோப்பை வாங்கினால்தான் பள்ளி தப்பும். மாணவிகள் பழைய டாங்கிகளைத் தேடிப் பிடித்து, கழுவித் துடைத்து, களத்தில் இறங்குகிறார்கள்.

இந்தத் தொடரின் பெரிய சிறப்பு என்ன தெரியுமா? அதில் வரும் டாங்கிகள் அனேகமாக எல்லாமே உண்மையான டாங்கிகளின் அச்சு அசல் படங்கள். சக்கரம் எத்தனை, பீரங்கிக் குழாய் எவ்வளவு நீளம் என்று பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். அதனால் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், "அட, இது அந்த டாங்கி!" என்று அடையாளம் கண்டுவிடுவார்கள்.

நம் நாட்டிலும் அப்படிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தில், முன்பு அகமதுநகர் என்றும் 2024 முதல் அகில்யாநகர் என்றும் அழைக்கப்படும் ஊரில், ராணுவத்தின் டாங்கி அருங்காட்சியகம் உள்ளது. 1994இல் திறக்கப்பட்டது. பல நாட்டு டாங்கிகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன. வாருங்கள், சிலவற்றைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்!

சிந்தாத தேநீர்

முதலில் சர்ச்சில் டாங்கி. இங்கிலாந்துக்காரர். தொடரில் இதன் தலைவியின் பெயர் டார்ஜிலிங். ஆமாம், நம் நாட்டுத் தேயிலையின் பெயர்தான்! அவள் தோழிக்குப் பெயர் அசாம்! டாங்கி மேடு பள்ளத்தில் குலுங்கி ஓடும்போதும் டார்ஜிலிங் கையிலுள்ள தேநீர்க் கோப்பையிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தாது.

நிஜ சர்ச்சில் டாங்கியின் எடை சுமார் 40 டன். முன்பக்கக் கவசத்தின் தடிமன் 152 மில்லிமீட்டர். உங்கள் பள்ளிக்கூட அடிக்கோலில் பாதி நீளத்துக்கு இரும்பு! வேகமோ மணிக்கு 20 கிலோமீட்டர்தான். நன்றாக மிதித்தால் உங்கள் சைக்கிள் பக்கத்திலேயே வரும். உள்ளே 5 பேர். அவர்களோடு குண்டுகள், கருவிகள். இன்ஜின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. காதில் மாட்டிய கருவி வழியாகத்தான் பேச வேண்டும். இதில் தேநீர்க் கோப்பை எங்கே நிற்கும்?

ஆனால் ஒரு வேடிக்கை. அடுத்து வந்த செஞ்சூரியன் என்ற இங்கிலாந்து டாங்கியில் தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு மின்சாரப் பாத்திரம் பொருத்திவிட்டார்கள். வெளியே இறங்காமலே தேநீர் போட்டுக்கொள்ளலாம்!

சுண்டுவிரல் கவசம்

அடுத்தது, ஜப்பானின் ஹா-கோ. குட்டி டாங்கி. எடை ஏழரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 2015இல் வந்த திரைப்படத்தில் இதுவும் இதன் அண்ணன் சி-ஹாவும் துள்ளித் துள்ளிப் பாயும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

நிஜ ஹா-கோவின் கவசம் அதிகபட்சம் 12 மில்லிமீட்டர். உங்கள் சுண்டுவிரல் அகலம்தான். உள்ளே 3 பேர். மேல் கூண்டில் இருப்பவர் ஒருவர் மட்டுமே. அவரே வழி பார்க்க வேண்டும், அவரே குண்டு போட வேண்டும், அவரே குறி பார்த்துச் சுட வேண்டும், அவரே மற்றவர்களுக்கு உத்தரவும் கொடுக்க வேண்டும். வகுப்பில் ஒரே ஆசிரியர் நான்கு பாடத்தையும் ஒரே நேரத்தில் நடத்துவது போல!

தொடரில் முதலாமாண்டு மாணவிகள் ஓட்டும் எம்-3 லீ டாங்கிக்கும் இந்த ஹா-கோவுக்கும் நிஜத்திலேயே சண்டை நடந்திருக்கிறது. 1944 மார்ச்சில், மணிப்பூர் எல்லையை ஒட்டிய பர்மாவின் தமு பகுதியில். தமிழர்கள் வாழும் மோரே என்ற நம் எல்லை ஊருக்கு எதிரே இருக்கிறது தமு. கனத்த லீ டாங்கிகள் முன்னால் மெல்லிய ஹா-கோக்கள் தாக்குப்பிடிக்கவில்லை. அங்கே யாரும் சிரிக்கவில்லை.

சுண்டெலியின் எடை 188 டன்

மாஸ் என்றால் ஜெர்மன் மொழியில் சுண்டெலி. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். எடை 188 டன்! தொடரின் இறுதிப் போட்டியில் இந்த ராட்சத டாங்கி நிறையப் பேரை நசுக்கித் தள்ளுகிறது. ஒரு சின்ன டாங்கி அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து, மேல் கூண்டைத் திரும்பவிடாமல் செய்ய, மிஹோ அதை வீழ்த்துகிறாள்.

நிஜ மாஸ் இரண்டே இரண்டுதான் செய்தார்கள். சண்டையில் யாரையும் அது நசுக்கவில்லை. இவ்வளவு எடையைப் பாலங்கள் தாங்காது என்பதால் ஆற்றுக்குள் இறங்கித்தான் கடக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள்! போரின் முடிவில் ரஷ்யர்கள் ஒன்றின் உடலையும் மற்றொன்றின் தலையையும் சேர்த்து ஒரே டாங்கியாக்கினார்கள். அது ரஷ்யாவின் குபிங்கா அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

வெள்ளைக் கொடி இல்லாத டாங்கி

இப்போது ஒரு முக்கியமான விஷயம். தொடரில் டாங்கி மேல் குண்டு பட்டால் என்ன ஆகும்? 'டப்'பென்று ஒரு வெள்ளைக் கொடி மேலே வரும். அந்த டாங்கி ஆட்டமிழந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே விசேஷக் கார்பன் பூச்சு இருப்பதால் யாருக்கும் காயம் படாது என்று கதையில் சொல்லிவிடுகிறார்கள். மாணவிகள் முகத்தில் கரியோடு வெளியே வந்து சிரிப்பார்கள்.

திரைப்படத்தில் செஞ்சூரியன் டாங்கியை ஓட்டி வருபவள் ஆலிஸ் என்ற 13 வயதுச் சிறுமி. கெட்டிக்காரி. கடைசியில் தோற்கிறாள். தோற்றதும் மிஹோவுக்குத் தன் கரடி பொம்மையைப் பரிசாகக் கொடுக்கிறாள்.

நிஜ செஞ்சூரியன் ஒன்றின் கதையைக் கேளுங்கள். அதன் பெயர் ஃபாமகுஸ்தா. 1971 டிசம்பர் 16 அன்று, பாகிஸ்தானுடன் நடந்த பசந்தர் சண்டையில் அதை நடத்திச் சென்றவர் செகண்ட் லெப்டினென்ட் அருண் கேத்ரபால். வயது 21. ராணுவ அதிகாரியாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எதிரி டாங்கிகளை ஒவ்வொன்றாக வீழ்த்திக்கொண்டிருந்தபோது அவருடைய டாங்கியில் தீப்பிடித்தது. வெளியே வந்துவிடும்படி உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி அவர் தொடர்ந்து போரிட்டார். மறுபடி ஒரு குண்டு தாக்கியது. அருண் திரும்பவில்லை. நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. அந்த டாங்கி இப்போது அகில்யாநகரில் பாதுகாக்கப்படுகிறது.

இரண்டும் செஞ்சூரியன்தான். ஒன்றில் பொம்மை கைமாறியது. இன்னொன்றில் ஒரு அண்ணன் வீடு திரும்பவில்லை. டாங்கியின் வெளிப்புறத்தை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும், உள்ளே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் படம் விட்டுவிட்டது. கதை விளையாட்டைப் பற்றியது, அதனால் விட்டுவிட்டார்கள். பார்க்கும் நாம் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையா?

திருமுக்கூடல் கல் சொல்வது

விட்டுப் போனதையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்துக்கு, காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல இடம் உண்டு. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடல். பட்டு நெய்யும் காஞ்சிக்குப் போகிறவர்கள் இதையும் பார்த்துவிட்டு வரலாம். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் சுமார் 950 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நீளமான கல்வெட்டு இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தது.

அதன் தொடக்கத்தில் அரசனுடைய போர் வெற்றிகள் வரிசையாக வருகின்றன. கார்ட்டூன் போலவே ஒரே வீரதீரம்தான்! ஆனால் கல்வெட்டு அதோடு நிற்கவில்லை. அங்கே நடந்த ஆதுலர் சாலையைப் பற்றியும் சொல்கிறது. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. 15 கட்டில்கள். மருத்துவர் ஒருவர், அறுவை சிகிச்சை செய்பவர் ஒருவர், மருந்து கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், அவர்களுக்குச் சம்பளம், என்னென்ன மருந்து இருக்க வேண்டும், இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் என்று எல்லாம் உண்டு. அது படைவீரர்களுக்கான மருத்துவமனை அல்ல. அங்கே படித்த மாணவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் ஆனது. வெற்றியும் கட்டில் கணக்கும் ஒரே கல்வெட்டில்!

நீங்களும் ஒப்பிடலாம்!

அகில்யாநகர் தூரமாயிற்றே என்று கவலைப்படாதீர்கள். நம் சென்னை ஆவடித் தொழிற்சாலையில் 1965 முதல் தயாரான விஜயந்தா டாங்கி, ஓய்வு பெற்ற பிறகு பல ஊர்களில் காட்சிக்கு நிறுத்தப்பட்டுள்ளது. (உலகப் போர் முடிவதற்குள் வடிவமைத்த டாங்கிகளுக்கு மட்டுமே அந்தத் தொடரில் அனுமதி. அதனால் விஜயந்தாவுக்கு அங்கே இடமில்லை!)

டாங்கி, ரயில் இன்ஜின், விமானம், எதுவானாலும் சரி. கார்ட்டூனில் பார்த்ததை நேரில் பார்க்கக் கிடைத்தால் ஒரு நோட்டில் மூன்று பகுதி பிரித்துக்கொள்ளுங்கள்.

1. படத்தில் இருப்பது போலவே நிஜத்திலும் இருப்பது எது?

2. படத்தில் புதிதாகச் சேர்த்தது எது?

3. படத்தில் விட்டுவிட்டது எது?

முதல் இரண்டும் சீக்கிரம் நிரம்பிவிடும். மூன்றாவதற்குத்தான் நேரம் ஆகும். அங்கே இருக்கும் பெயர்ப் பலகையைப் படியுங்கள். பக்கத்தில் யாராவது பெரியவர் இருந்தால் கேளுங்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டு பக்கம் கூடுதலாக விட்டு வையுங்கள், குட்டீஸ்!