கூடிய வட்டிக்குள் என்ன இருக்கிறது?

சொறிக்கல்முனையில் மகளிர் குழுக் கூட்டம் முடிந்ததும் ஓர் அக்கா என்னைத் தனியே அழைத்தார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்பிச் சேர்ந்த ஆறு லட்சம் ரூபா அவரிடம் இருக்கிறது.

"வளர்ந்துவரும் நாடுகளின் சந்தையில் போட்டால் மாதம் நூற்றுக்கு ஐந்து தருவார்களாம். நாளைக்கு ஆள் வருவார். கொடுக்கட்டா தங்கச்சி?"

சகோதரிகளே, அந்தச் சந்தை எங்கோ தூரத்தில் இல்லை. வெளிநாட்டு முதலீட்டாளரின் கண்ணில் நமது இலங்கையும் அந்த வரிசையில், அதுவும் கடைசிப் படியில் நிற்கும் நாடுதான்.

2007 இல் நமது அரசு முதன்முதலாகச் சர்வதேசப் பிணைமுறி விற்று 50 கோடி டொலர் கடன் பெற்றது. வட்டி ஆண்டுக்கு 8.25 வீதம். அமெரிக்க அரசு அப்போது கொடுத்தது ஏறக்குறைய அதில் பாதிதான். இங்கே யுத்தம் நடந்தது. பணம் திரும்புமா என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தின் விலையே மேலதிக வட்டி.

2012 இல் அக்கடன் திருப்பிச் செலுத்தப்பட்டது. கொடுத்தவர்கள் இலாபம் கண்டார்கள். பின்னர் வந்தவர்களில் பலருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2022 ஏப்ரல் 12 இல் அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்தியது. 2024 டிசம்பரில் பெரும்பாலானோர் முதலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துப் புதிய பிணைமுறிகளை ஏற்றனர்.

அவர்கள் அதைத் தாங்கினார்கள். பல நாடுகளில் பணத்தைப் பிரித்துப் போட்டவர்கள் அவர்கள். ஒரு வயல் வெள்ளத்தில் போனாலும் மறுவயல் விளையும். நமக்கு இருப்பதோ ஒரே வயல்.

மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு அறுபது. நாடே தடுமாறிய 2022 இல் அரசின் திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. அதைப்போல இரு மடங்கு தருவதாகச் சொல்பவர் எங்கிருந்து தருவார்? புதிதாகச் சேர்பவரின் பணத்தைப் பழையவருக்குக் கொடுக்கும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டவை.

ஆகவே முதலில் இதைக் கேளுங்கள்: அந்த நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா? அனுமதி பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ வைப்பிட்டால், அது முறிந்தாலும் ஒருவருக்கு 11 லட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. வட்டி குறைவுதான்; விலைவாசி ஏறினால் பணத்தின் பெறுமதியும் குறையும். ஆனாலும் முதல் கையில் நிற்கும்.

"மகளிடம் கேட்டீர்களா அக்கா?" என்றேன்.

"இல்லை. இலாபம் வந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்."

அன்றிரவே குவைத்துக்குக் கதைத்தார். மறுநாள் வந்தவர் வெறுங்கையுடன் திரும்பினார்.