வீட்டிலே பிராணவாயு

உணவின்றிச் சில வாரங்களும், நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் வாழ்தல் கூடும். மூச்சின்றியோ சில நிமிடங்களும் வாழ்தல் அரிது. நாம் உள்ளிழுக்கும் காற்றிலே நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு உளது. சுகதேகிக்கு அது போதும். நுரையீரல் பழுதுற்றவருக்குப் போதாது. 1774ஆம் ஆண்டிலே ஜோசப் பிறீஸ்ற்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் சூரிய வெப்பத்தைக் கண்ணாடி வில்லையாற் குவித்துப் பிரித்தெடுத்த அவ்வாயு, இன்று மருந்தாகி வன்னிக் கிராமங்களின் வீடுகளையும் எட்டத் தொடங்கியுள்ளது. அம்மருந்தை ஆளும் முறையை அறிந்திருத்தல் நம் குடும்பங்களுக்கு நன்மை தரும்.

எவருக்கு வேண்டும்?

மூச்சுத் திணறல் யாவற்றையும் ‘முட்டு’ என்ற ஒரே சொல்லால் நம்மவர் குறிப்பர். ஆயின் முட்டு உள்ளோர் எல்லோருக்கும் வீட்டிலே பிராணவாயு தேவையில்லை. நெடுங்காலம் சுருட்டும் பீடியும் புகைத்தோருக்கும், விறகடுப்பின் புகையிலே ஆயுளைக் கழித்த தாய்மாருக்கும் சுவாசக் குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கும் நோய் வருதலுண்டு. அது முற்றி, இரத்தத்திலே பிராணவாயு மிகக் குறைந்தவருக்கே இச்சிகிச்சை பெரிதும் பயன்படும்.

இதனை நிறுவியவை இரண்டு ஆய்வுகள். 1980இல் அமெரிக்காவிலும் 1981இல் பிரித்தானியாவிலும் அவற்றின் முடிவுகள் வெளியாயின. பிரித்தானிய ஆய்விலே நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணித்தியாலம் பிராணவாயு பெற்ற 42 பேரில் 19 பேரும், பெறாத 45 பேரில் 30 பேரும் ஐந்தாண்டுகளுள் இறந்தனர். ஆகவே, மூச்சு முட்டும்போது மட்டும் சிறிது நேரம் பிடித்துவிட்டு நிறுத்துதல் இச்சிகிச்சை ஆகாது. மறுபுறம், 2016இல் வெளியான 738 நோயாளரின் ஆய்வு, குறைவு மிதமாயுள்ளவருக்கு இதனால் ஆயுள் கூடவில்லை என்று காட்டிற்று. அயல்வீட்டார் வாங்கினார் என்பதற்காக நாமும் கடன்பட்டு வாங்குதல் வீண் என்பது இதனாற் புலனாகும்.

விரலிற் பொருத்தும் சிறு கருவி, நோயாளி ஓய்ந்திருக்கையிலே 88 அல்லது அதற்குக் கீழ் காட்டுமாயின் வைத்தியர் மேலும் சோதிப்பார். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அக்கணக்கைப் பிழையாக்கும். கறுத்த தோலிலே அது உண்மையினும் சற்றுக் கூடுதலாகக் காட்டுதலும் உண்டு. எனவே இரத்தப் பரிசோதனையே முடிவான சான்று.

அளவை மீறலாகாது

“இன்னும் கொஞ்சம் கூட்டிவிடு, பிள்ளை!” என்று தவிக்கும் மூதாளர் கேட்பர். அன்பினாற் கூட்டிவிடுதல் ஆபத்தாய் முடியலாம். இந்நோயாளர் சிலருக்குப் பிராணவாயு மிகுந்தால் உடலிலே கரியமிலவாயு தேங்கி, தலையிடியும் மயக்கமும் உண்டாகும். அத்தகையோருக்கு 88 முதல் 92 வரையே இலக்கு. வைத்தியர் குறித்த அளவைத் தாளில் எழிக் கருவியருகே ஒட்டிவைத்தல் நன்று.

நெருப்பும் பகை

வீட்டுக் கருவி அறைக்காற்றை இழுத்து, நைதரசனைச் சியோலைற்று என்னும் கனிப்பொருளிலே ஒட்டவைத்துப் பிரித்து, நூற்றுக்கு 90 பங்கு அளவிலான பிராணவாயுவைத் தருகிறது. பிராணவாயு தானாக எரியாது, எரிவதை மூர்க்கமாக்கும். ஆதலால் அடுப்பு, சுவாமி விளக்கு, சாம்பிராணி, நுளம்புத்திரி ஆகியன அவ்வறையிலே கூடா. புகைத்தல் அறவே ஆகாது. உருளையின் வாயிலே எண்ணெய்க் கை படலாகாது. உருளை சாயாதபடி கட்டப்பட வேண்டும். ஈரப்பதமூட்டும் போத்தலின் நீரை, கொதித்தாறிய நீராலோ காய்ச்சி வடித்த நீராலோ நாள்தோறும் மாற்றுதல் வேண்டும்.

மின்சாரம் நின்றால்?

வன்னிக்குரிய பெருங் கவலை இதுவே. 350 வாற்றுக் கருவி 15 மணித்தியாலம் இயங்கினால் நாளொன்றுக்கு 5.25 அலகும், மாதம் ஏறக்குறைய 157 அலகும் செலவாகும். அலகு ஏற ஏறக் கட்டண வீதமும் ஏறும் நம் நாட்டிலே கூலிக் குடும்பத்திற்கு இது பெருஞ்சுமை. நோயாளிக்குக் கருவியை அன்பளிப்புச் செய்வோர் மின்கட்டணத்திற்கும் வழி காணல் வேண்டும். இன்றேல் காசுக்கு அஞ்சிக் கருவி மூலையிலே கிடக்கும்.

2022 மார்ச் இறுதியிலே நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறவார். செறிவாக்கும் கருவி மின்சாரமின்றி ஊமை. எனவே நிரம்பிய உருளையொன்று கைவசம் இருத்தல் அவசியம். மாணவர் இக்கணக்கைப் பழகலாம்: உருளையில் 6,000 லீற்றர் வாயு இருந்து, நிமிடத்திற்கு 2 லீற்றர் வீதம் செலவாயின், 3,000 நிமிடம், அதாவது 50 மணித்தியாலம் நீடிக்கும். நிலைமை மோசமாயின் 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 முதல் அச்சேவை வடமாகாணத்திலும் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகள் தொலைவிலுள்ள கிராமத்தவர் தயங்காது முன்கூட்டியே அழைத்தல் நலம்.

இறுதியாக ஒன்று. மூக்கிலே குழாயுடன் இருப்பதை நாணி, விருந்தினர் வரும்போது அதைக் கழற்றி மறைக்கும் முதியோர் உளர். பார்வை மங்கியவர் கண்ணாடி அணிவதிலே வெட்கமில்லை. மூச்சுக் குறைந்தவர் குழாய் அணிவதிலும் இல்லை. அதனை அவர்க்கு உணர்த்துதல் பிள்ளைகளின் கடன். கருவி காற்றைத் தரும். அருகிருந்து அளவு பார்த்து, நீர் மாற்றி, இரவிலே எழுந்து கவனிக்கும் கைகளை வீட்டாரே தருதல் வேண்டும்.