வேங்கட மலையின் மூத்த குடிகள்

திருப்பதிக்குப் போய் வராத தமிழ்க் குடும்பம் நம்மிடையே அபூர்வம். ஊருக்குப் போகும் மூன்று வார விடுமுறையில் இரண்டு நாளையாவது அதற்கென்று ஒதுக்கிவிடுகிறோம். மலையேறித் தரிசனம் முடித்து, திருச்சானூர், காளஹஸ்தி என்று பார்த்துவிட்டுச் சென்னைக்குக் காரில் திரும்பிவிடுகிறோம். அந்த வழியில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் சிலரைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. 1953 அக்டோபர் வரை எங்கள் ஜில்லா சென்னை மாநிலத்தில் இருந்தது. பிறகு ஆந்திராவுக்குப் போனது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மட்டும் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் கூடினால் இந்தப் பேச்சுத்தான். வேங்கடம் தமிழருடையதா, தெலுங்கருடையதா என்று விடிய விடிய வாதிடுவார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் முன்பே அந்தக் காட்டில் கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் வாழ்ந்தவர்களின் பெயர் அந்தப் பேச்சில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்று கதைகள்

நம் பக்தி மரபு அவர்களை மறக்கவில்லை. சித்தூரைச் சுற்றி ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கும் மூன்று தலங்களின் கதைகளைப் பாருங்கள்.

முதலாவது வள்ளிமலை. சித்தூரிலிருந்து தெற்கே, எல்லையைத் தாண்டியதும் வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. தினைப்புனம் காத்த குறவர் மகளை முருகன் தேடி வந்த மலை என்று தலபுராணம் சொல்கிறது. பக்கத்துத் திருத்தணியில் அவள் முருகனின் தேவி.

இரண்டாவது காளஹஸ்தி. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் திண்ணனார் வேடர் தலைவனின் மகன். பொன்முகலி ஆற்று நீரை வாயிலே முகந்து வந்து அபிஷேகம் செய்தார். பூவைத் தலையிலே செருகி வந்து சாத்தினார். இறைச்சியை நெருப்பில் வாட்டி, பதம் சரியாக இருக்கிறதா என்று தாமே சுவைத்துப் பார்த்து, நல்லதைப் படைத்தார். ஆகமம் அறிந்த சிவகோசரியார் பதறிப்போனார். ஆனால் கண்ணப்பர் என்று பெயர் பெற்று நாயன்மார் வரிசையில் இடம்பிடித்தவர் அந்த வேடர்தான்.

மூன்றாவது நாராயணவனம், புத்தூருக்கு அருகில். ஆகாசராஜன் மகள் பத்மாவதியை மணக்க விரும்பிய சீனிவாசப் பெருமாள், எருகலசானியாக, அதாவது குறி சொல்லும் எருகலப் பெண்ணாக வேடமிட்டு அரண்மனைக்குப் போனார் என்பது அந்தப் பக்கத்துக் கதை. ராஜகுமாரியின் தாய் நம்புவதற்குத் தெய்வம் எடுத்துக்கொண்ட உருவம் கூடை சுமந்த ஒரு பழங்குடிப் பெண்ணின் உருவம்.

கோயிலுக்குள் இத்தனை மதிப்பு. கோயிலுக்கு வெளியே எப்படி என்று இனிப் பார்ப்போம்.

எலிவளை படித்தவர்கள்

திருப்பதி, சித்தூர், நெல்லூர் வட்டாரங்களில் அதிகம் வாழும் பழங்குடியினர் யானாதிகள். 2011 கணக்கெடுப்பின்படி 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ‘அநாதி’ என்ற சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. தொடக்கம் தெரியாத பழங்காலத்தவர் என்று பொருள். தெலுங்கு பேசுவார்கள். ஏரி, ஆறு, உப்பங்கழிகளில் மீனும் நண்டும் பிடிப்பார்கள். மூலிகை அறிவார்கள். அறுவடைக் காலத்தில் வயல் காப்பார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது அறுவடை முடிந்ததும் எங்கள் நிலத்துக்கு ஒரு யானாதிப் பெரியவர் எலி பிடிக்க வருவார். அடியில் ஓட்டை போட்ட ஒரு மண்பானை, கொஞ்சம் வைக்கோல், ஒரு கடப்பாரை, இவ்வளவுதான் கருவி. வளையின் மற்ற வாய்களையெல்லாம் மண்ணால் அடைத்துவிட்டு, ஒரு வாயில் பானையைக் கவிழ்த்து உள்ளே வைக்கோலைப் புகையவிட்டு ஊதுவார். புகை உள்ளே போய் எலி மயங்கியதும் தோண்டுவார். எலியும் அவருக்கு, வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் அவருக்கு.

“தாத்தா, எந்த வளையில எலி இருக்குன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். அவர் தெலுங்கில் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: “வாசல்ல புது மண்ணு கிடந்தா வீட்டுல ஆளு இருக்கு பாபு. சிலந்தி வலை கட்டியிருந்தா வீடு காலி.”

விஷ மருந்தில்லாமல் பயிரைக் காக்கும் அந்த வேலையை இன்று பல்கலைக்கழகத்தில் செய்தால் அதற்கு ஒரு நீண்ட பெயர் வைத்து ஆராய்ச்சி மானியம் கொடுப்பார்கள். அவருக்கு எங்கள் வீட்டில் கிடைத்தது கொல்லைப்புறத்தில் ஒரு வாய்ச் சோறு.

தீவை இழந்த கதை

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே உள்ள தீவு ஸ்ரீஹரிகோட்டா. 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. சந்திரயான் 3 அங்கிருந்துதான் 2023 ஜூலை 14 அன்று புறப்பட்டது. அன்று நாமெல்லாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து கைதட்டினோம். அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துத் தமிழர் என்று பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான்.

அந்தத் தீவின் காடு யானாதிகள் வாழ்ந்த காடு. தேன், புளி, சீயக்காய், எட்டிக்கொட்டை, சாயவேர் ஆகியவற்றைச் சேகரித்து வெள்ளைக்காரன் காலத்திலேயே அரசாங்கத்துக்குக் கொடுத்துவந்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் யானாதிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ராக்கெட் தளத்துக்காக 1969இல் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் பறந்தது. காட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தீவை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பதில் வீடு கட்டிக் கொடுக்கலாம். எந்த மரத்தில் எந்த மாதம் தேன் கட்டும் என்ற அறிவு வேறு ஊரில் பயன்படாது.

ராக்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்காக இடம் விட்டவர்கள் யார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

குற்றம் சுமத்தப்பட்ட குடி

நாராயணவனக் கதையில் வந்த எருகலர் கூடை முடைவார்கள், பன்றி வளர்ப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் குறி சொல்வார்கள். தெலுங்கில் ‘எருக’ என்றால் அறிவு. தங்களுக்குள் பேசும் மொழி தமிழுக்கு நெருங்கிய உறவுடையது. எங்கள் வீட்டு முறமும் கூடையும் அவர்கள் கையால் பின்னியவை. கூடை கொண்டுவந்த அம்மாளும் அவர் மகளும் வாசலில் பேசிக்கொண்டது என் பாட்டிக்குப் பாதிக்குமேல் புரிந்துவிடும். “நம்ம பேச்சு மாதிரியே இருக்குதேடி” என்று பாட்டி அதிசயப்படுவார்.

வெள்ளையர் அரசு 1871இல் ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’ கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எருகலர் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பிறந்த குழந்தைகூடப் பிறவிக் குற்றவாளி. ஊர் விட்டு ஊர் போய் உப்பும் தானியமும் விற்றவர்கள் போலீஸில் ஆஜராகிக் கைநாட்டு வைக்க வேண்டியதாயிற்று. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. சந்தேகப் பார்வை மட்டும் நீங்கவில்லை.

நாம் நரிக்குறவர் என்று அழைப்பவர்கள் ஆந்திரத்தில் நக்கலர். ஒரே மக்கள், ஒரே மொழி. ஆந்திரம் சம்பந்தப்பட்ட திருத்தச் சட்டம் 2003இலேயே அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அந்த உரிமை 2023 தொடக்கத்தில்தான் வந்தது. அண்ணன் நகரியில், தம்பி திருத்தணியில் இருந்தால், அண்ணன் பிள்ளைக்குக் கிடைத்த படிப்புச் சலுகைக்குத் தம்பி பிள்ளை இருபது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. நாம் போராடிப் போட்ட எல்லைக்கோடு இப்படியும் வேலை செய்தது.

செம்மரமும் பாம்பும்

சேஷாசலக் காட்டின் செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக விளைவதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தெற்குப் பகுதிக்கே உரியது. அதனால்தான் கடத்தல். பணம் பார்ப்பவர்கள் எங்கோ நகரத்தில் இருக்கிறார்கள். வெட்டுவதற்கு மரம் வெட்டத் தெரிந்த ஏழைகளைக் கூலிக்குப் பிடிக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே காட்டில் 20 பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அவர்களில் உண்டு. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. மரம் வெட்டியது குற்றமாகவே இருக்கட்டும். காட்டை அறிந்தவனுக்கு அந்த அறிவை வைத்து நேர்மையாகப் பிழைக்க வழி இருந்தால் கடத்தல்காரன் பின்னால் போவானா?

வழி உண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. எல்லைக்கு இப்பால், திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதிகளில் யானாதிகளைப் போலவே எலியும் பாம்பும் பிடித்து வாழ்ந்தவர்கள் இருளர்கள். பாம்புத் தோல் வியாபாரம் 1970களில் தடை செய்யப்பட்டதும் அவர்கள் பிழைப்புப் போயிற்று. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் துணையுடன் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் பெரும்பாலும் பயன்பட்டு வந்திருக்கிறது.

அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் இங்கே ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கத்தான். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கியது. அதே கண்கூர்மை, அதே கை. காலத்துக்கேற்ற ஓர் அமைப்பும் உரிய கூலியும் கிடைத்தபோது உலகமே அவர்களிடம் கற்க வந்தது.

நாம் என்ன செய்யலாம்?

நம் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில், தங்கள் ஊர் எந்தச் செவ்விந்தியக் குடியின் நிலமாக இருந்தது என்று படிக்கிறார்கள். 1990 முதல் நவம்பர் மாதத்தை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல பழக்கம். தாத்தா பாட்டி ஊரைப் பற்றியும் அதே கேள்வியை அவர்கள் கேட்டால் பதில் சொல்ல நாம் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம் சங்க விழாக்களில் குழந்தைகளுக்குப் பாசிமணி போட்டு, கோமாளித்தனமாக வசனம் பேசவைத்து ‘குறவன் குறத்தி’ ஆட வைக்கிறோம். அரங்கம் சிரிக்கிறது. அடுத்த பொங்கல் விழாவில் அதற்குப் பதிலாகக் கண்ணப்பர் கதையை நாடகமாகப் போடலாமே? அந்த வேடரைக் காட்டை அறிந்தவராக, கெட்டிக்காரராக, மரியாதைக்குரியவராக மேடையேற்றுவோம். வேஷம் கட்டும் பிள்ளைக்கு யானாதி, எருகலர், இருளர் என்ற மூன்று பெயர்களையும் முதலில் சொல்லிக்கொடுங்கள். ஒத்திகைக்கு என்னைக் கூப்பிட்டால் வில் பிடிக்கவும் பானையில் புகை ஊதவும் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்லித் தருகிறேன்.