தெளிவே உயிர்: தகவல் உரைநடையின் இலக்கணம்

கதை நெஞ்சை நெகிழ்விக்கும். மேடையுரை உணர்வைத் தூண்டும். தகவல் உரைநடையோ, படிப்பவர் அறியாத ஒன்றை அறிவித்து, அவ்வறிவு கொண்டு அவரைச் செயலாற்றச் செய்வது. ஆதலின் அதன் சிறப்பை எழுதியவரின் புலமை கொண்டு அளத்தல் ஆகாது. படித்தவர் பெற்ற தெளிவு கொண்டே அளத்தல் வேண்டும்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து என நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் வகுத்தார். 13ஆம் நூற்றாண்டில் வகுத்த அவ்விலக்கணம் இன்றைய தகவல் கட்டுரைக்கும் பொருந்துவதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்க எல்லையோர அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்புவழி ஏற்றும் நீர்மம் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். வீட்டிலேயே அந்நீரைக் கலக்கும் முறையைத் தாய்மார்க்கு அறிவித்தல் அடுத்த பணியாயிற்று.

கலவைக்குரிய அளவு இது: தூய நீர் ஒரு லிட்டர், சர்க்கரை, தலை தட்டிய சிறு தேக்கரண்டியால் ஆறு, உப்பு, அதே கரண்டியால் அரை. இதில் 'தலை தட்டிய' என்னும் சொற்கள் விடுபடின் அது 'குன்றக் கூறல்' என்னும் குற்றம். கூம்பக் குவித்த கரண்டியால் உப்பு மிகும். மிகுந்த உப்பு குழந்தைக்குத் தீங்காகும். அளவைக் கூறுமுன் உப்பின் வரலாற்றை நீட்டி உரைப்பின் அது 'மற்றொன்று விரித்தல்'. முன்னர் லிட்டர் என்று, பின்னர்க் குவளை என்று அளவை மாற்றின் அது 'மாறுகொளக் கூறல்'. இலக்கணப் பிழை ஏட்டோடு நிற்கும்; இப்பிழைகளோ உயிரைத் தொடும்.

அழகுகளையும் இவ்வாறே காணலாம். வங்கதேசத்தில் 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் வீடுதோறும் சென்று இம்முறையைக் கற்பித்தது. எழுத்தறியாத் தாய்மார் பலர். அளவுக் கரண்டி எல்லா வீட்டிலும் இல்லை. ஆகவே மூவிரற் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் எனக் கேட்பவர் கையையே அளவையாக்கினர். இஃது 'விளங்க வைத்தல்'. நினைவிற்கொள்ள வேண்டியவற்றைப் பத்துக் குறிப்புகளாகத் தொகுத்துப் பின்னர் ஏழாகக் குறைத்தனர். இது 'சுருங்கச் சொல்லல்'.

அவர்கள் கற்பித்ததோடு நிற்கவில்லை. தாய்மார் தாமே கலந்த நீரைச் சோதித்தனர். அது சரியாக இருந்த அளவிற்கேற்பவே கற்பித்தவரின் ஊதியம் அமைந்தது. பிழை நேரின் கேட்டவரைக் குறை கூறாது, கூறிய முறையையே ஆராய்ந்தனர்.

மாணவச் செல்வங்கள் உளங்கொள்ள வேண்டியது இதுவே. எழுதி முடித்த கட்டுரையை, அப்பொருளை அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிக் கூறச் செய்யுங்கள். அவர் தடுமாறும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம். பிறர்க்கு விளங்காத அறிவு, பெட்டியில் பூட்டிய மருந்தினை ஒக்கும்; இருந்தும் பயனில்லை.