ஊற்று இல்லாத ஊரில் ஒரு நீர்ச் சிகிச்சை விடுதி

திருகோணமலை என்றதும் கோணேசர் கோவிலோடு கன்னியா வெந்நீரூற்றும் நம் நினைவுக்கு வரும். ஏழு கிணறுகளிலும் அள்ளிக் குளித்தால் உடம்பு நோவு பறந்துவிடும் என்பார்கள் நம் பெரியவர்கள். சிட்னியிலும் அப்படி ஓர் இடம் உண்டா?

பென்டில் ஹில்லில் இருந்து மேற்கே சென்று, நீலமலை ரயிலுக்கு மாறினால் மெட்லோ பாத்தில் இறங்கலாம். நிலையத்துக்கு எதிரே, மெகலோங் பள்ளத்தாக்கின் விளிம்பில் நீண்டு கிடக்கிறது ஹைட்ரோ மஜெஸ்டிக் ஹோட்டல். சிட்னி வணிகர் மார்க் ஃபோய், அங்கிருந்த பெல்கிரேவியா ஹோட்டலையும் அயல் வீடுகளையும் இணைத்து, 1904இல் இதனை நீர்ச் சிகிச்சை நிலையமாகத் திறந்தார். பெரிய குவிமாடம் சிக்காகோவில் இருந்தும், கனிம நீர் ஜேர்மனியில் இருந்தும் கப்பலில் வந்தன. சுவிட்சர்லாந்தில் இருந்து ஒரு மருத்துவரும் வந்தார். குளியலோடு உணவுக் கட்டுப்பாடும் இருந்தது, மதுவுக்கு இடமில்லை.

சில ஆண்டுகளில் சிகிச்சை நின்றது. உல்லாச விடுதி நிலைத்தது. 1922இல் ஒரு பகுதி தீக்கிரையானது. 1942இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனையானது. புதுப்பிக்கப்பட்டு 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது.

அன்று வந்தவர்களுக்குச் சுகம் கிடைத்திருந்தால், அதற்குக் காரணம் ஜேர்மன் தண்ணீர் மட்டுமா? மலைக்காற்று, நடை, அளவான சாப்பாடு, மது இல்லாத நாட்கள், நல்ல உறக்கம் ஆகியவற்றை நாம் மறக்கக்கூடாது. இவற்றுக்குக் கப்பல் தேவையில்லை!

வெந்நீர்க் குளியல் மூட்டு நோவைத் தற்காலிகமாகத் தணிக்கும், தசைகளைத் தளர்த்தும். ஆனால் சூடு இரத்தக் குழாய்களை விரித்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் சட்டென எழுந்தால் தலை சுற்றி விழக்கூடும். நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்குக் கால் வெந்தாலும் தெரியாது. நம்மவர் வீடுகளில் இந்த இரண்டு நோயும் சாதாரணம் அல்லவா? எனவே:

• இருதய நோயாளரும் கர்ப்பிணிகளும் முதலில் டொக்டரைக் கேளுங்கள்.
• நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். பாதம் மரத்தவர்கள் வீட்டில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.
• பத்து நிமிடம் போதும். மெதுவாக எழுந்து, தண்ணீர் குடியுங்கள்.
• முதியவர்கள் தனியாக இறங்க வேண்டாம்.
• குளியலை நம்பி மாத்திரையை நிறுத்தவே வேண்டாம்.

அடுத்த விடுமுறையில் அப்பா அம்மாவை மெட்லோ பாத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மெல்ல நடந்து வாருங்கள். அந்த மலையில் இன்றும் கிடைக்கும் மருந்து அதுதான்.